சாயவேரும் வாண்டில் ஆறும்
அறிவு கைமாறிய கதை

மோர்டன் நிலக்கீழ் புகையிரத நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் மோர்டன் ஹோல் பூங்காவை அடைந்துவிடலாம். அப்பூங்காவின் ஊடாக வாண்டில் என்னும் சிற்றாறு ஓடுகின்றது. எம்மவர் பலர் விடுமுறை நாட்களில் பிள்ளைகளுடன் அங்கு செல்வதுண்டு. ஆற்றின் மேல் நிற்கும் பழைய ஆலைக் கட்டிடங்களையும் நீர்ச்சக்கரத்தையும் கண்டிருப்பர். அவ்வாலைகளில் 1922 ஆம் ஆண்டு வரை மூக்குத்தூள் அரைக்கப்பட்டது என்பதையும் சிலர் அறிந்திருப்பர். ஆயினும் இந்த ஆற்றங்கரையின் பழைய தொழில்களுள் ஒன்றுக்கும் எமது தாயகத்துக் கடற்கரை மணலில் கிண்டியெடுக்கப்பட்ட ஒரு வேருக்கும் உறவு இருந்தது என்பதை எம்மில் அறிந்தோர் மிகச் சிலரே.

ஒரு புதிய தொழில்நுட்பம் எவ்வாறு ஓர் இடத்தில் தோன்றி, கைமாறி, கடல் கடந்து, வேறொரு மக்களின் தொழிலாக மாறுகின்றது? அறிந்தவன் அதனை வெளியே சொல்வதா, மறைத்து வைப்பதா? சொன்னவனுக்கு என்ன கிடைத்தது? இவை அறிஞர்களுக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. கைத்தொழிலையும் படிப்பையும் தவிர வேறெதனையும் சுமந்து வர இயலாதிருந்த அகதிக் குடும்பங்களாகிய எமக்கும் இவை உரியனவே. அவற்றுக்கான விடையைத் தேட நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. வாண்டில் ஆற்றங்கரையே போதுமானது.

நிறத்தைப் பிடித்து வைக்கும் வித்தை

ஐரோப்பியர் இந்தியாவுக்கு வந்த காலத்தில் அவர்களை வியக்க வைத்தவற்றுள் முதன்மையானது சோழமண்டலக் கரையின் சித்திரத் துணியாகும். யாழ்ப்பாணத்தில் நாம் பூப்போட்ட பருத்தித் துணியைச் சீத்தை என்போம். ஆங்கிலேயர் வழங்கும் ‘சின்ற்ஸ்’ என்ற சொல்லும் அதே இந்தியச் சொற்குடும்பத்தைச் சேர்ந்ததே. ‘கலிக்கோ’ என்பதோ கள்ளிக்கோட்டையின் பெயரிலிருந்து பிறந்தது.

அத்துணியின் சிறப்பு அழகு மட்டுமன்று. எத்தனை முறை தோய்த்தாலும் அதன் நிறம் போகாது. அக்கால ஐரோப்பியரும் துணியின் மேல் வண்ணம் தீட்டினர். ஆனால் அது தண்ணீர் பட்டதும் கரைந்தது. எமது கரையோரச் சாயக்காரர் கண்டறிந்திருந்த உண்மை இதுதான்: நிறத்தைத் துணியில் நிலைநிறுத்துவது சாயமன்று, சாயத்துக்கு முன் இடப்படும் உப்பாகும்.

முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்துவர். பாலில் உள்ள கொழுப்பு, பின்னர் தீட்டப்படும் கரைசல் பரவி ஓடாமல் தடுத்துவிடும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலையும், கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்புக் கரைசலையும் எழுதுகோலால் தீட்டுவர். அதன்பின் துணி முழுவதையும் சாயவேர் இட்ட நீரில் கொதிக்க வைப்பர். படிகாரம் பட்ட இடம் சிவக்கும். இரும்பு பட்ட இடம் கறுக்கும். எதுவும் படாத இடத்தில் ஒட்டிய சாயம் வெயிலிலும் நீரிலும் வெளுத்துப் போகும். நீல நிறத்துக்கோ வேறு வழி. நீலம் வேண்டாத பகுதிகளை மெழுகால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். இந்த ஒழுங்கில் ஒரு படி பிழைத்தாலும் முழுத் துணியும் வீணாகிவிடும்.

இங்கு குறிப்பிட்ட சாயவேர் இம்பூறல் என்று எமது வைத்தியர்கள் வழங்கும் சிறு பூண்டின் வேராகும். மன்னாரிலும் யாழ்ப்பாணப் பகுதிகளிலும் கிண்டப்பட்ட வேர் மிகச் சிறந்ததெனப் பெயர் பெற்றிருந்தது. ஒல்லாந்தர் இதனைத் தமது தனியுரிமையாக்கினர். வேரைக் கிண்டிக் கொம்பனிக்கு ஒப்படைப்பது அத்தொழிலுக்குரிய மக்களின் கட்டாயக் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது. அவ்வாறு சேர்க்கப்பட்ட வேர் கடல் கடந்து சோழமண்டலக் கரையின் சாயத் தொட்டிகளுக்குச் சென்றது. உலகச் சந்தையில் விலைபோன அத்துணிகளின் சிவப்பில் எமது மண்ணின் பங்கும் இருந்தது.

கையோடு சென்ற அறிவு

இந்த வித்தை மேற்கே சென்ற வழியைக் கவனித்தால் ஓர் உண்மை தெளிவாகும். அது முதலில் நூல்களின் வழியே செல்லவில்லை, மனிதரின் கைகளோடு சென்றது. இந்தியாவுடனும் பாரசீகத்துடனும் வாணிபம் செய்த ஆர்மேனியர், துணியில் அச்சிடும் முறையை அறிந்திருந்தனர். 1672 ஆம் ஆண்டில் பிரான்சின் மார்செய் நகரிலும், 1678 ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் அமர்ஸ்பூர்ட் நகரிலும் அவர்களின் துணையோடு அச்சுச் சாலைகள் எழுந்தன. இலண்டனில் 1676 ஆம் ஆண்டில் வில்லியம் சேர்வின் என்பவர் இந்திய முறையில் துணி அச்சிடுவதற்கென ஆக்கவுரிமை பெற்றார். ஆர்மேனியரும் எம்மைப் போன்று பல நாடுகளில் சிதறி வாழ்ந்த ஒரு மக்களே என்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

அடுத்து வந்தவர்களோ அகதிகள். 1685 ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, புரட்டஸ்தாந்து மதத்தினருக்கு அளிக்கப்பட்டிருந்த பாதுகாப்பை நீக்கினான். இயூகனோக்கள் எனப்பட்ட அம்மக்கள் இரவோடிரவாக எல்லை கடந்தனர். ஏறக்குறைய 50,000 பேர் இங்கிலாந்தை வந்தடைந்தனர் என்பர். அகதி என்ற பொருளில் இன்று ஆங்கிலத்தில் வழங்கும் ‘றெபியூஜி’ என்ற சொல்லே அவர்களைக் குறிக்க வந்த பிரெஞ்சுச் சொல்தான். நாம் வீசா விண்ணப்பங்களில் எழுதிய அச்சொல்லுக்கு முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

அவர்களில் பட்டு நெய்வோர் கிழக்கு இலண்டனில் ஸ்பிற்றல்பீல்ட்ஸில் குடியேறினர். தொப்பி செய்வோர் வாண்டில் ஆறு தேம்ஸ் நதியில் கலக்கும் வாண்ட்ஸ்வேர்த்தில் தங்கினர். அங்குள்ள அவர்களின் இடுகாட்டை இன்றும் காணலாம். துணி அச்சிடத் தெரிந்தோர் வாண்டில் ஆற்றை மேல்நோக்கிப் பின்பற்றி மிற்சம், மேர்ட்டன், மோர்டன் எல்லைகளுக்கு வந்தனர். வேகமாக ஓடும் தெளிந்த நீரும், துணியை விரித்து வெளுக்கப் பரந்த புல்வெளியும் இங்கு இருந்தன. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 9 மைல் நீளமே உள்ள இந்த ஆற்றின் கரைகளில் பத்துக்கு மேற்பட்ட துணி அச்சுச் சாலைகள் இயங்கின.

வந்தவர்களை எல்லோரும் வரவேற்றார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மலிவான சீத்தைத் துணி தமது வயிற்றில் அடிக்கின்றது எனக் கம்பளி, பட்டு நெசவாளர் குமுறினர். 1700 ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியச் சித்திரத் துணியை இந்நாட்டுப் பாவனைக்கென இறக்குமதி செய்வதைத் தடுத்தது. 1719 ஆம் ஆண்டில் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் நெசவாளர், வீதியிற் சென்ற பெண்களின் சீத்தை உடைகளைக் கிழித்தெறிந்தனர். 1721 ஆம் ஆண்டில் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதே தடைசெய்யப்பட்டது. இத்தடை 1774 ஆம் ஆண்டில்தான் நீங்கியது. ஸ்பிற்றல்பீல்ட்ஸ் நெசவாளரிலும் பலர் இயூகனோக்கள் என்பதை நோக்குக. ஓர் அகதியின் தொழிலுக்கு மற்றோர் அகதியின் தொழில் பகையாயிற்று. வாண்டில் கரையின் அச்சுக்காரரோ சட்டம் விட்டுவைத்த சணல்நார்த் துணியிலும் ஏற்றுமதித் துணியிலும் அச்சிட்டுத் தமது தொழிலைக் காத்துக்கொண்டனர்.

சொன்னவரின் பெயர் எங்கே?

அச்சிடும் முறை மேற்கே பரவிய பின்னரும், சோழமண்டலக் கரையின் முழு நுட்பம் ஐரோப்பாவுக்கு எட்டவில்லை. அதனை எழுத்தில் பதிய இருவர் முயன்றனர். 1734 ஆம் ஆண்டளவில் புதுச்சேரியில் தங்கியிருந்த போலியூ என்னும் பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி, சாயக்காரர் ஒருவர் வேலை செய்வதை முதல் முதல் இறுதி வரை அருகிருந்து பார்த்தார். ஒவ்வொரு படி முடிந்ததும் துணியின் ஒரு துண்டை வெட்டியெடுத்துக் குறிப்புடன் இணைத்தார். அத்துண்டுகள் பாரிஸ் நகரில் இன்றும் பேணப்படுகின்றன. 1742 ஆம் ஆண்டில் கேர்டூ என்னும் இயேசு சபைக் குருவானவர், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்றிருந்த சாயக்காரரை விசாரித்து, அவர்கள் சொன்னவற்றை நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். கடிதம் அடுத்த ஆண்டே பிரான்சில் அச்சேறியது.

போலியூவின் பெயரை நாம் அறிவோம். கேர்டூவின் பெயரையும் அறிவோம். ஆனால் தமது தொழிலின் இரகசியத்தைத் திறந்து காட்டிய அந்தச் சாயக்காரரின் பெயர் என்ன? அவர் எந்தத் தெருவில் வாழ்ந்தார்? அவருக்கு என்ன கொடுக்கப்பட்டது? அக்கடிதத்தைப் படித்துப் பயன்பெற்றோருக்கு அவர் ‘உள்ளூர்த் தொழிலாளி’ மட்டுமே. ஒரு நூற்றாண்டு கழிவதற்குள் ஐரோப்பிய ஆலைத் துணி இந்தியச் சந்தைக்கே வந்து குவிந்தது.

இதனைக் கேட்கும் எவருக்கும், ‘அவர் சொல்லாமலே இருந்திருக்கலாமே’ என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கதையின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். சாயவேரிலும் ஐரோப்பிய மஞ்சிட்டி வேரிலும் சிவப்பைத் தருவது அலிசரின் என்னும் ஒரே பொருளாகும். 1868 ஆம் ஆண்டில் ஜேர்மானிய இரசாயனவியலாளர் இருவர் அதனை நிலக்கரித் தாரிலிருந்து ஆக்கினர். மறு ஆண்டு யூன் மாதத்தில் ஜேர்மானியத் தரப்பும் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பேர்க்கினும் ஒரே நாள் இடைவெளியில் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தனர். சாயவேர் கிண்டுவோருக்கும் மஞ்சிட்டி பயிரிடுவோருக்கும் அதன்பின் வேலையில்லாமற் போயிற்று. தந்தையிடமிருந்து மகன் கண்டும் கேட்டும் கற்ற வித்தை, கற்க மகன் வராதபோது பெரும்பாலும் அழிந்தது. இன்று பழைய முறையில் அச்சிவப்பை மீண்டும் உருவாக்க விரும்புவோர் அந்தப் பிரெஞ்சுக்காரர் இருவரின் குறிப்புகளையே தேடிச் செல்கின்றனர்.

ஆகவே இரண்டு இழப்புகள் எமக்கு நேர்ந்தன. வித்தையை வெளியே சொன்னபோது சொன்னவரின் பெயர் பதியப்படவில்லை. வெளியே சொல்லாது எமக்குள்ளே வைத்திருந்ததையோ நாமே எழுதி வைக்கவில்லை.

பகிர்வதற்கும் ஒரு முறையுண்டு

அறிவைப் பகிர்வதும் அறிந்தவன் பிழைப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவையா? அக்கால இங்கிலாந்து இக்கேள்விக்குச் சில விடைகளைக் கண்டது. 1754 ஆம் ஆண்டில் இலண்டன் கொவன்ற் கார்டனில் ஒரு கோப்பிக் கடையில் கூடியோர் கலை, உற்பத்தி, வணிகம் ஆகியவற்றை ஊக்குவிக்கும் சங்கத்தை அமைத்தனர். அச்சங்கம் முதன்முதலில் அறிவித்த பரிசுகளுள் ஒன்று மஞ்சிட்டிப் பயிர்ச் செய்கைக்கானது. சங்கத்தின் விதி எளிமையானது: பரிசு பெறும் கண்டுபிடிப்பு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். ஆக்கவுரிமை பெற்ற பொருளுக்கு நீண்ட காலம் அங்கு பரிசில்லை.

மற்றொரு வழி ஸ்கொட்லாந்தில் காணப்பட்டது. ‘துருக்கிச் சிவப்பு’ எனப்பட்ட உறுதியான சாயமுறையைப் பிரான்சிலிருந்து பப்பியோன் என்பவர் 1785 ஆம் ஆண்டில் கிளாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார். அங்குள்ள உற்பத்தி அறங்காவலர் சபை அவருக்கு வெகுமதி அளித்து, முறையை எழுத்தில் பெற்றுக்கொண்டது. குறித்த ஆண்டுகள் வரை அது மறைவாகக் காக்கப்பட்டு, 1803 இல் எல்லோருக்கும் வெளியிடப்பட்டது. சொன்னவருக்கு ஊதியமும் கிடைத்தது, பெயரும் நிலைத்தது, நாட்டுக்கு அறிவும் கிடைத்தது. புதுச்சேரிச் சாயக்காரருக்குக் கிட்டாத நியாயம் இதுதான்.

வாண்டில் கரையும் இவ்வாறான வருகைகளால் வளர்ந்தது. அயர்லாந்தில் டப்ளின் அருகே, செதுக்கிய செப்புத் தகட்டினால் துணியில் அச்சிடும் முறையை 1752 ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்திய பிரான்சிஸ் நிக்சன், சில ஆண்டுகளின் பின் மேர்ட்டனுக்கு வந்து தொழில் தொடங்கினார். மர அச்சினால் இயலாத மெல்லிய கோடுகள் செப்புத் தகட்டினால் இயன்றன. 1758 ஆம் ஆண்டில் இலண்டனில் இருந்த பெஞ்சமின் பிராங்ளின், இப்புதுவகைத் துணியைக் கட்டில், சாளரத் திரைகளுக்கென அமெரிக்காவிலிருந்த தம் மனைவிக்கு அனுப்பினார்.

1881 ஆம் ஆண்டில் கவிஞரும் ஓவியருமான வில்லியம் மொறிஸ் தமது தொழிற்சாலையை மேர்ட்டன் அபேக்கு மாற்றினார். (எமது ஊர் வீதிகளில் ஓடிய மொறிஸ் மைனர் காருக்குப் பெயர் தந்தவர் இவரல்லர், அவர் வேறொரு வில்லியம் மொறிஸ்.) இரசாயனச் சாயங்களின் பகட்டு இவருக்குப் பிடிக்கவில்லை. அவுரியையும் மஞ்சிட்டியையும் மீண்டும் கையாள விரும்பினார். அதற்கென லீக் நகரில் சாயத் தொழில் நடத்திய தோமஸ் வார்டிலுடன் சேர்ந்து, பழைய நூல்களைப் படித்து, கைகள் நீலமாகும் வரை தாமே தொட்டியருகில் நின்று பழகினார். வார்டிலோ இந்தியச் சாயப் பொருட்களையும் காட்டுப் பட்டையும் ஆராய்ந்தவர். மேர்ட்டனை மொறிஸ் தேர்ந்ததற்கு ஒரு காரணம், வாண்டில் நீர் மஞ்சிட்டிச் சாயத்துக்கு உகந்தது என்பதாகும். சுண்ணக் கற்களினூடாக ஊறிவரும் நீர் அது. அலிசரின் சிவப்பு துலங்குவதற்கு அலுமினியத்தோடு சுண்ணமும் வேண்டும். சிப்பியும் சங்கும் நொருங்கிக் கலந்த கடற்கரை மண்ணில் விளைந்த சாயவேர் சிறந்து விளங்கியதும் இதே காரணத்தால்தான். தாம் கற்றதை மொறிஸ் மறைக்கவில்லை. 1889 ஆம் ஆண்டில் சாயக்கலை பற்றி விளக்கமான கட்டுரையொன்றை எழுதி வெளியிட்டார்.

எமது காலத்துக் கண்டுபிடிப்பாளர்

இவை யாவும் பழைய கதைகள் என்று எவரும் ஒதுக்க வேண்டியதில்லை. 1990 யூன் மாதத்தின் பின் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த ஒவ்வொருவரும் ஒரு கண்டுபிடிப்புக் காலத்தின் சாட்சிகளாவர். மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றறிகளும் தடைசெய்யப்பட்டன. மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமமாயிற்று. அந்நிலையில் சில துளி பெற்றோலால் இயந்திரத்தைக் கிளப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டும் முறை வீதிக்கு வீதி பரவியது. கவிழ்த்து வைத்த சைக்கிளின் சில்லைக் கையால் சுழற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு, நூல்திரி கொளுத்தி, அவ்வெளிச்சத்தில் எமது பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள்.

இவற்றுக்கு எவரும் ஆக்கவுரிமை கோரவில்லை. ஒரு கராச்சில் கண்டதை மறு கராச் கற்றது. ஒரு வீட்டின் விளக்கு அடுத்த வீட்டில் மேம்பட்டது. பலர் சேர்ந்து, சிறிது சிறிதாக, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று ஆக்கும் இம்முறையைப் பொருளியலாளர் ‘கூட்டுக் கண்டுபிடிப்பு’ என்பர். 19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கோர்ண்வோல் சுரங்கங்களின் பொறியியலாளர், தத்தம் நீராவி இயந்திரங்கள் எரிக்கும் நிலக்கரியின் அளவை 1811 ஆம் ஆண்டு முதல் மாதந்தோறும் அச்சிட்டு ஒப்பிட்டுக் கொண்டனர். அதனால் அவ்வியந்திரங்கள் விரைவாகச் சிறந்தன. எமது கராச்சுகள் செய்ததும் அதுவே. வேறுபாடு ஒன்றுதான்: அவர்கள் அச்சிட்டார்கள், நாம் அச்சிடவில்லை.

அச்சிடாததன் இழப்பு உயிரோடும் தொடர்புடையது. அதே ஆண்டுகளில் தெற்கில் கவிழ்ந்த போத்தல் விளக்குகளால் எரிகாயமுற்றோரைக் கண்டு வருந்திய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குள்ளமான, கனத்த, இரு பக்கம் தட்டையான, திருகுமூடியுள்ள பாதுகாப்பான விளக்கொன்றை வடிவமைத்தார். 1998 ஆம் ஆண்டில் உலகப் பரிசொன்றும் பெற்றார். அவ்வடிவம் எவ்வளவு எளியது! ஆனால் அந்நாட்களில் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே பாதை மூடிக் கிடந்தது. பாதை மூடும்போது உணவும் மருந்தும் மட்டுமன்று, அறிவும் தடைப்படுகின்றது.

நாம் செய்யக்கூடியது

இன்று மோர்டனிலும் மிற்சத்திலும் ரூற்றிங்கிலும் எமது வீடுகளில் முதியோர் பலர் இருக்கின்றனர். மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மெக்கானிக், பனையோலை இழைத்த கை, கட்டுமரம் கட்டியவர், சுருட்டுச் சுற்றியவர், நெய்தவர், மருந்து அரைத்தவர் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு நூல் அளவு அறிவு உண்டு. பேரப்பிள்ளைகளுடன் பேச மொழி தட்டுப்படுவதால் அவர்கள் மௌனமாகத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கின்றனர். புதுச்சேரிச் சாயக்காரரின் மகன்மாருக்கு நேர்ந்தது எமது வீட்டு வரவேற்பறையிலேயே மீண்டும் நிகழ்கின்றது.

ஆகவே வாசகர்களிடம் எமது வேண்டுகோள் இதுதான். ஒரு கொப்பியை எடுங்கள். உங்கள் தந்தையாரோ மாமியாரோ செய்த தொழிலை, அளவோடும் படிமுறையோடும் எழுதி வையுங்கள். எந்தப் பொருள், எவ்வளவு நேரம், எது பிழைத்தால் என்ன நேரும் என்பன யாவும் அதில் வரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்னவரின் பெயரையும் ஊரையும் முதற்பக்கத்தில் எழுதுங்கள். பிரதியொன்றை மோர்டன் நூலகத்தில் உள்ள உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்கு வழங்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இயூகனோக்களின் கதையை இந்நகரம் காத்து வைத்திருப்பது போல் எமது கதையையும் அது காக்கட்டும்.

பொறியியலும் மருத்துவமும் கணினியும் கற்கும் இளையோருக்கும் ஒரு சொல். புதிதாக எதனையேனும் கண்டறிந்தால் இந்நாட்டில் ஆக்கவுரிமை 20 ஆண்டுகள் வரை காவல் தரும். அதனைப் பெறுவதற்கே கண்டுபிடிப்பின் முழு விபரத்தையும் வெளியிட வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. உலகுக்குத் திறந்து கொடுப்பதையே விரும்பினால் அதுவும் பெருமைக்குரியதே. எவ்வழியாயினும் உங்கள் பெயரோடு கொடுங்கள். உங்களுக்குக் கற்பித்தவரின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.

வாண்டில் கரையில் துணி வெளுத்த புல்வெளிகள் பலவற்றின் மேல் இன்று வீடுகள் எழுந்துவிட்டன. அவற்றுட் சில வீடுகளில் எமது குடும்பங்கள் வாழ்கின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எமது கரையோரத்தின் வித்தை எம்மவரின் பெயரின்றி இங்கு வந்து சேர்ந்தது. இம்முறை அது பெயரோடு எழுதப்படட்டும்.